மகளுக்குச் சனியின் வளையத்தைக் காட்ட வேண்டும், சிங்கப்பூரில் எங்கே போவது?

சுவாசூகாங் அம்மா (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் தொடக்கநிலை 4 படிக்கிறாள். இரண்டு மாதமாக வீட்டில் ஒரே கிரகப் பேச்சுதான். அவளுக்குச் சனியின் வளையத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம், யூடியூபில் காட்டினால் "இது யாரோ பார்த்தது, நான் பார்க்கணும்" என்கிறாள். என் மாமியார் "ஊரில் எல்லாரும் சனி நம்மைப் பார்க்கக்கூடாது என்று எள் விளக்கு ஏற்றுகிறார்கள், இவள் என்னடா என்றால் தேடிப் போய்ப் பார்க்கணும் என்கிறாளே" என்று சிரிக்கிறார்.

நான் பட்டுக்கோட்டைப் பக்கம். கோடையில் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தால் வானம் முழுக்க மீன்தான். இங்கே 14ஆவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் எதிர் புளோக்கின் விளக்கும் ஒன்றிரண்டு விமானமும்தான் தெரிகின்றன. நட்சத்திரம் என்று நான் நினைத்ததுகூட ஒரு நாள் நகர்ந்து போய்விட்டது.

ஜூன் விடுமுறை வருகிறது. பொதுமக்கள் போய்ப் பார்க்கிற மாதிரி வானியல் நிகழ்ச்சிகள் இங்கே நடக்கின்றனவா? எனக்கு அறிவியல் ஒன்றும் தெரியாது, பத்தாம் வகுப்போடு சரி. ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினால் பாதி புரியாது. அப்புறம், ஒரு தொலைநோக்கி வாங்கிவிட்டால் என்ன என்று கணவர் கேட்கிறார். 150 வெள்ளிக்கு ஒன்று பார்த்து வைத்திருக்கிறார், 525 மடங்கு பெரிதாகக் காட்டுமாம்.

---

ஏமாந்த அப்பா

அக்கா, தயவுசெய்து அந்த 525 மடங்கை வாங்காதீர்கள். நான் வாங்கினேன். கடைப் பெயர் வேண்டாம், பெட்டியின் மேல் நெபுலா படம் போட்டு விற்றார்கள். முக்காலி கொசு உட்கார்ந்தாலே ஆடும். நிலாவைப் பிடித்து ஐபீஸில் கண்ணை வைப்பதற்குள் நிலா ஓடிவிடும். என் பையன் மூன்று நாள் பார்த்தான், நாலாவது நாளிலிருந்து அதன் மேல் பள்ளிச் சட்டை காய்கிறது.

பிறகு விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார், முன் வில்லையோ கண்ணாடியோ எத்தனை மில்லிமீட்டர் அகலமோ அதைப்போல இரண்டு மடங்குதான் உருப்படியான உருப்பெருக்கத்தின் எல்லை என்று. 70 மில்லிமீட்டர் என்றால் 140 மடங்கு, அதுவும் காற்று அசையாத நல்ல இரவில். 525 என்பது அட்டைப்பெட்டிக்கு மட்டும். உள்ளே பார்த்தால் மங்கலான ஒரு வெள்ளைக் குழம்பு தெரியும், அவ்வளவுதான்.

முதலில் வேறொருவர் தொலைநோக்கியில் பாருங்கள். பிள்ளைக்கு ஆசை ஆறு மாதம் கழித்தும் இருந்தால் அப்புறம் வாங்கலாம்.

---

பைனாகுலர் பாண்டி

மேலே சொன்ன அண்ணன் சொல்வது அத்தனையும் உண்மை. நான் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து பூங்காக்களில் தொலைநோக்கி வைத்துப் போகிற வருகிறவர்களுக்குக் காட்டுகிறவன், ஏழெட்டு வருடமாக. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கெட்ட செய்தி. சனி இப்போது மாலையில் கிடைக்காது, விடியற்காலை ஆட்டம். செப்டம்பர் கடைசியில்தான் சாப்பாட்டு நேரத்துக்குக் கிழக்கே ஏறி வரும், வருடக் கடைசி வரை நன்றாகக் கிடைக்கும். இன்னொன்றையும் மகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 2025 மார்ச்சில் சனியின் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பி நின்றது, கிட்டத்தட்ட மறைந்தே போனது. இப்போது மெதுவாகத் திறந்துகொண்டு வருகிறது. ஆகவே இந்த வருடம் (2026) பார்த்தால் படத்தில் வருகிற அகலமான தட்டு தெரியாது, கோலிக்குண்டில் ஊசியைக் குத்திய மாதிரி இருக்கும். 2032 வாக்கில்தான் முழுசாக விரிந்து நிற்கும், அப்போது உங்கள் மகள் உயர்நிலைப் பள்ளியை முடிக்கப்போகிற வயதில் இருப்பாள். இரண்டையும் பார்த்தவள் என்று சொல்லிக்கொள்ளலாம், எனக்கு அந்த வயதில் யாரும் ஒன்றையும் காட்டவில்லை.

நல்ல செய்தி, ஜூனில் வேறு விருந்து இருக்கிறது. சூரியன் மறைந்ததும் மேற்கே பளிச்சென்று வெள்ளி, பக்கத்திலேயே வியாழன். ஜூன் 9 வாக்கில் இரண்டும் ஒன்றரை டிகிரி அளவுக்கு நெருங்கிவிடும். கையை நீட்டிச் சுண்டு விரலையும் அடுத்த விரலையும் சேர்த்துப் பிடித்தால் அந்த இடைவெளியே மறைந்துபோகும். அதற்குத் தொலைநோக்கி வேண்டாம், நிகழ்ச்சி வேண்டாம், மேற்குப் பார்த்த வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) நடைபாதை போதும். சாதாரண பைனாகுலர் இருந்தால் வியாழனின் நிலாக்களும் புள்ளி புள்ளியாகத் தெரியும், 1610இல் கலிலியோ பார்த்த அதே நான்கு. முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நிலாக்கள் நடனமாடும்.

எங்கே போவது என்று கேட்டால், ஜூரோங் ஈஸ்டில் அறிவியல் நிலையத்தின் வான்காட்சிக்கூடம்தான் முதல் இடம். வெள்ளிக்கிழமை இரவுகளில் பொதுமக்களை விட்டுப் பார்க்க வைப்பது அங்கே பல வருட வழக்கம். பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 40 சென்டிமீட்டர், உங்கள் கணவர் பார்த்து வைத்திருப்பதைப் போலப் பத்துப் பங்குக்கு மேல் ஒளியைச் சேர்க்கும். அறிவியல் நிலையம் சைனீஸ் கார்டன் எம்ஆர்டி பக்கம் புதுக் கட்டடத்துக்கு மாறுகிற காலம் இது, நேரமும் முன்பதிவும் மாறிக்கொண்டிருக்கும், அதனால் கிளம்பும் முன் அவர்கள் இணையத்தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஊட்லண்ட்ஸ் கேலக்சி சமூக மன்றத்திலும் மாடியில் ஒரு வான்காட்சிக்கூடம் உண்டு, உங்கள் பக்கத்திலிருந்து அதுவும் தூரமில்லை. சிங்கப்பூர் வானியல் சங்கமும் பல்கலைக்கழக மாணவர் சங்கங்களும் கிரகணம் மாதிரி நாட்களில் பொது இடத்தில் தொலைநோக்கி வைப்பார்கள், ஃபேஸ்புக்கில் பின்தொடர்ந்தால் தெரியவரும்.

நிலாவைப் பார்க்க எந்த நாள் என்பதில் ஒரு சூட்சுமம். பௌர்ணமிக்குப் போகாதீர்கள். முழு நிலாவில் நிழலே இருக்காது, வெள்ளைத் தட்டு மாதிரிக் கண்ணைக் கூசும். வளர்பிறை பஞ்சமியிலிருந்து அஷ்டமி வரைதான் சரியான நாட்கள். வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நிழல் விழுந்து, தொட்டுப் பார்க்கலாம் போலிருக்கும். ஒரு காரியத்துக்கும் ஆகாது என்று வீட்டில் ஒதுக்கி வைக்கிற அஷ்டமிதான் தொலைநோக்கிக்காரனுக்கு முகூர்த்த நாள். ஜூன் 15 அமாவாசை, ஆகவே ஜூன் 19 வெள்ளிக்கிழமை கச்சிதம்.

---

மேகம்சூழ்ந்தவன்

பாண்டி அண்ணன் நல்லதையே சொல்கிறார், நான் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் பிள்ளை அழக்கூடாது.

நான் இதுவரை ஐந்து முறை போயிருக்கிறேன். மூன்று முறை மேகம். ஒரு முறை மழை. ஒரே ஒரு முறை நிலா. இந்த மார்ச் 3 கிரகணம் இருக்கிறதே, நிலா உதிக்கும்போதே முழு கிரகணத்தோடு செக்கச்செவேல் என்று வரும் என்று எல்லாரும் சொல்ல, அலுவலகத்தில் சீக்கிரம் கிளம்பிக் கடற்கரைக்கு ஓடினேன். எங்கள் பக்கம் கிழக்கே ஒரே சாம்பல் போர்வை. ஒரு சீனத் தாத்தா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து எனக்கும் ஒரு வேர்க்கடலைப் பொட்டலம் கொடுத்தார், அன்றைக்குக் கிடைத்த லாபம் அதுதான்.

மேகம் போனாலும் நம் ஊர் வெளிச்சம் போகாது. 2016இல் உலக ஒளி மாசு வரைபடம் ஒன்று வந்தது, அதில் நாடுகளிலேயே முதலிடம் நமக்குத்தான். மொத்த மக்களும் கண் முழுசாக இருட்டுக்குப் பழகவே முடியாத வெளிச்சத்தில் வாழ்கிறார்கள் என்று போட்டிருந்தார்கள். பால்வீதி பார்க்கிற கதையெல்லாம் இங்கே வேண்டாம். அதற்கு மலேசியாவில் ஜொகூர் பாரு தாண்டி மெர்சிங் பக்கம் போக வேண்டும். புலாவ் உபின் தீவில் இருட்டு இருக்கும் என்று போகிறவர்களும் உண்டு, ஆனால் சாயங்காலம் படகு நின்றுவிடும், கூடாரம் போட்டுத் தங்கினால்தான் உண்டு.

---

பைனாகுலர் பாண்டி

மேகம் தம்பி, உங்கள் ராசி அப்படி :) ஆனால் ஒன்று, நிலா, கிரகங்கள், இரட்டை நட்சத்திரங்கள் இவற்றுக்கெல்லாம் ஊர் வெளிச்சம் பெரிய தடையே இல்லை. ஆர்ச்சர்ட் சாலை நடைபாதையில் வைத்தாலும் வியாழனின் பட்டைகள் தெரியும். நடைபாதை வானியல் என்கிற வழக்கமே அப்படிப் பிறந்ததுதான்.

கொஞ்சம் வழி மாறிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஜான் டாப்சன், 1915இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். அவர் யார் தெரியுமா? ராமகிருஷ்ண மடத்து வேதாந்த சங்கத்தில் 1944இல் சேர்ந்த துறவி. மடத்தில் இருந்துகொண்டே கப்பல் ஜன்னலின் தடிமனான கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துத் தொலைநோக்கி ஆடி செய்தவர். ராத்திரியானால் அதைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட. மடத்தில் பார்த்தார்கள், 1967இல் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். மறு வருடமே நண்பர்களோடு நடைபாதை வானியல் குழுவைத் தொடங்கினார். இன்றைக்கு உலகம் முழுக்க அமெச்சூர்கள் வைத்திருக்கிற டாப்சோனியன், பெரிய குழாயை மரப்பெட்டியில் உட்கார வைத்துக் கையால் தள்ளித் திருப்புகிற எளிய வடிவம், அவர் பெயரில்தான். என்னிடம் இருப்பதும் ஆறு அங்குல டாப்சோனியன், கரோசெல் இணையச் சந்தையில் பழசாக வாங்கியது. ஆடாது. கொசு இல்லை, பூனை உட்கார்ந்தாலும் ஆடாது.

அக்கா, ஆங்கிலம் பற்றிக் கவலைப்படாதீர்கள். வரிசையில் நின்று கண்ணை வைக்க மொழி வேண்டாம். நாங்கள் வைக்கிற இடத்துக்கு வந்தால் தமிழிலேயே சொல்கிறேன்.

---

தேக்கா தாத்தா

ஐயா அம்மாமாரே, நான் இங்கே எழுபதுகளிலிருந்து இருக்கிறவன். ஒரு விஷயம் கேட்கிறேன். நம் கல்யாணத்தில் அருந்ததி பார் என்று பெண்ணையும் மாப்பிள்ளையையும் வெளியே கூட்டிப்போய் விரலை நீட்டிக் காட்டுவார்கள் அல்லவா, என் கல்யாணம் நடந்தது காலை பத்தரை மணிக்கு. ஐயர் காட்டிய திசையில் ஒரு தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது. "தெரிகிறதா?" என்றார், "தெரிகிறது" என்றோம். நாற்பத்தாறு வருடம் ஆயிற்று. என் சம்சாரம் இன்றைக்கும் அதைச் சொல்லிக் கேலி செய்வாள். நிஜ அருந்ததி சிங்கப்பூரில் தெரியுமா தெரியாதா? துருவ நட்சத்திரம் இங்கே தெரியாது என்று கேள்விப்பட்டேன்.

---

இயற்பியல் மாணவி

தாத்தா, தெரியும்! அதுவும் இப்போதுதான் சீசன்.

துருவம் நீங்கள் சொன்னது சரி. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே வெறும் 1.3 டிகிரியில் இருக்கிறோம், அதனால் துருவ நட்சத்திரமும் தொடுவானத்துக்கு மேலே அவ்வளவுதான் நிற்கும். ஏதாவது ஒரு புளோக் மறைத்துவிடும். ஆனால் சப்தரிஷி மண்டலம் மே, ஜூன் மாதங்களில் இரவு 9 மணிக்கு வடக்கே நன்றாக மேலே நிற்கும். கரண்டி மாதிரி ஏழு நட்சத்திரம், கவிழ்த்துப் போட்டது போல இருக்கும். கைப்பிடியின் முனையிலிருந்து இரண்டாவது வசிட்டர், அதை ஒட்டி மங்கலாக ஒரு சின்னப் புள்ளி, அதுதான் அருந்ததி. நம் வெளிச்சத்தில் வெறும் கண்ணுக்கு அருந்ததி கஷ்டம், பைனாகுலரில் சுலபம். வெளிநாட்டுப் பெயர் மிசார், அல்கோர். சங்கப் பாடல்களில் கற்புக்கு உவமையாக வடமீன் என்று வருவதும் இவள்தான்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். சின்னத் தொலைநோக்கி வழியாகப் பார்த்தால் வசிட்டரே இரண்டாகப் பிரிந்துவிடுவார். ஒரு பெரிய வெள்ளைப் புள்ளி, ஒட்டி ஒரு சின்னது. கொஞ்சம் தள்ளி அருந்ததி. நிறமாலையை, அதாவது அவற்றின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தபோது அந்த வசிட்டர்கள் ஒவ்வொருவரும் மறுபடி இரட்டை, 2009இல் அருந்ததிக்கும் ஒரு மங்கலான துணை இருப்பது தெரிந்தது. மொத்தம் ஆறு நட்சத்திரம்! கல்யாணத்தில் ஜோடி என்று காட்டுகிறோம், அங்கே ஒரு கூட்டுக் குடும்பமே இருக்கிறது.

இன்னொன்று, அதே நேரம் முதுகைத் திருப்பித் தெற்கே பார்த்தால் தென்சிலுவை நிற்கும். வடக்கே கரண்டி, தெற்கே சிலுவை, இரண்டும் ஒரே இரவில். லண்டன்காரருக்கு முதலாவதுதான் கிடைக்கும், மெல்பர்ன்காரருக்கு இரண்டாவதுதான். நம் வானம் மோசம் என்று எல்லாரும் சொல்கிறோம், இந்த ஒரு விஷயத்தில் நமக்குக் கொடுப்பினை உண்டு.

பகலிலும் ஒன்று இருக்கிறது அக்கா, உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். நிழலில்லா நாள். வருடத்தில் இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வரும், குச்சியை நட்டால் நிழல் அதன் காலடியிலேயே ஒளிந்துகொள்ளும். சென்னையில் அது ஏப்ரலிலும் ஆகஸ்டிலும், இங்கே மார்ச் 23 வாக்கிலும் செப்டம்பர் 19, 20 வாக்கிலும். மேகம் அஞ்சு நிமிடம் விலகினால் போதும். செப்டம்பரில் பகல் 12.58 அளவில் நடக்கும், மார்ச்சில் 1.12 ஆகிவிடும். நம் கடிகாரம் 1982 முதல் கிரீன்விச்சை விட எட்டு மணி நேரம் முந்தி ஓடுகிறது, ஆனால் நாம் இருக்கிற இடத்துக்கு உச்சி வேளை என்பது ஒரு மணியை ஒட்டித்தான். தயவுசெய்து சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம், தொலைநோக்கி வழியாகக் கனவிலும் வேண்டாம், நிழலைப் பார்த்தால் போதும்.

---

ஏமாந்த அப்பா

சூரியன் என்றதும் 2019 டிசம்பர் 26 ஞாபகம் வருகிறது. வளைய சூரிய கிரகணம். ஊரில் கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சி வழியாக வந்து, யாழ்ப்பாணத்தைத் தொட்டு, சுமத்ரா தாண்டி நம் தலைக்கு மேலே பகல் 1.23 வாக்கில் இரண்டு நிமிடம் மோதிரமாக நின்றது. காலையில் திண்டுக்கல்லில் மாமனார் பார்த்துவிட்டு "இங்கே முடிந்தது, உங்கள் பக்கம் அனுப்பிவிட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் போட்டார். நாங்கள் புளோக்குக் கீழே மரத்தடியில் நின்றோம். மேலே பார்க்கக் கண்ணாடி ஒன்றுதான் இருந்தது, ஆனால் இலை இடுக்கு வழியாகத் தரையில் விழுந்த வெயில் புள்ளி ஒவ்வொன்றும் வளையல் வளையலாக இருந்தது. தரை முழுக்க வளையல் கடை. அடுத்தது இங்கே 2063இல்தானாம், நான் இருக்க மாட்டேன், பையன் பார்ப்பான்.

---

மேகம்சூழ்ந்தவன்

அதுவும் எனக்கு லிஃப்டுக்குள் போய்விட்டது. சரி, விடுங்கள். 2028 டிசம்பர் 31 ராத்திரி முழு சந்திர கிரகணம், புத்தாண்டு பிறந்து முக்கால் மணி நேரம் கழித்து நடுமையம். மரீனா பே வாணவேடிக்கைக்கு வருகிற கூட்டம் அப்படியே நிமிர்ந்து பார்த்தால் சிவப்பு நிலா. இப்போதே விடுப்புக்கு எழுதிவிட்டேன். மேகம் வரட்டும், பார்க்கலாம்.

---

சுவாசூகாங் அம்மா

எல்லாருக்கும் நன்றி. போய்விட்டு வந்து எழுதலாம் என்று காத்திருந்தேன்.

ஜூன் 9 அன்று நடைபாதையிலிருந்தே வெள்ளியும் வியாழனும் பார்த்தோம். எதிர் வீட்டு மலாய் அக்கா என்ன பார்க்கிறீர்கள் என்று வந்தார், அவர் பிள்ளைகள் வந்தார்கள், கொஞ்ச நேரத்தில் ஒன்பது பேர் விரலை நீட்டி அளந்துகொண்டிருந்தோம்.

19ஆம் தேதி வெள்ளிக்கிழமை பாண்டி தம்பியின் நண்பர்கள் வைத்திருந்த இடத்துக்குப் போனோம். முதல் ஒன்றரை மணி நேரம் மேகம், மேகம்சூழ்ந்தவன் தம்பி கூட வந்துவிட்டாரோ என்று கணவர் சொன்னார். அப்புறம் ஒரு கிழிசல் வழியாக நிலா வந்தது, ஒரு பத்து நிமிடம். மகள் ஐபீஸில் கண்ணை வைத்தவள் பேச்சே இல்லை. வரிசையில் பின்னால் இருந்தவர்கள் பொறுமையாக நின்றார்கள். கடைசியில் "அம்மா, அதுக்கு ஓரம் இருக்கு" என்றாள். நான் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது, வட்டமாக வரைந்ததில்லை, உருண்டையாகத் தொங்குகிறது, ஓரம் சொரசொரவென்று இருக்கிறது. இத்தனை வருடம் சோறு ஊட்டும்போது காட்டிய நிலா அது என்று நம்பவே முடியவில்லை.

அருந்ததியும் கிடைத்தாள், கிளம்பும் நேரத்தில். தேக்கா தாத்தா, உங்கள் சம்சாரத்திடம் சொல்லுங்கள், தண்ணீர்த் தொட்டி இல்லை, நிஜமாகவே இருக்கிறாள். தொலைநோக்கியில் வசிட்டரை இரண்டாகப் பார்த்துவிட்டு மகள் "இதில் எந்த வசிட்டரைப் பெண் பார்க்கணும்?" என்று கேட்டாள், அங்கே இருந்த ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

தொலைநோக்கி வாங்கவில்லை. பைனாகுலர் மட்டும் வாங்கியிருக்கிறோம், அங்கே பாண்டி தம்பி சொன்ன 10x50, அதாவது பத்து மடங்கு பெரிதாகக் காட்டும், முன் வில்லை 50 மில்லிமீட்டர்.

செப்டம்பர் கடைசியில் சனி பார்க்க எந்த நாளில் வைப்பீர்கள் என்று சொல்லுங்கள் தம்பி. மாமியாரும் வருகிறேன் என்கிறார். அவருக்கு உட்கார ஒரு நாற்காலி வேண்டும். அப்புறம், சனிக்கிழமை மட்டும் வேண்டாமாம், ஞாயிறு என்றால் சரியாம்.

---

பைனாகுலர் பாண்டி

ஞாயிறே வைத்துவிடலாம் அக்கா. நாற்காலி என் பொறுப்பு. அம்மாவை எள்ளுருண்டை கொண்டுவரச் சொல்லுங்கள், வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஆகும்.